தெருக்களின் அமைப்பைப் பொறுத்து வெள்ளச் சேதம் மாறுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிக்கொள்கிறேன். இரண்டு நகரங்கள்; மக்கள்தொகை, மழை, பக்கத்தில் ஓடும் ஆறு எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றில் தெருக்கள் சதுரங்கக் கட்டம் போல நேராக ஓடுகின்றன. மற்றதில் வளைந்து நெளிந்த சந்துகள். வெள்ளம் வந்தால் எது அதிகம் சேதப்படும், தெருப் படத்தைப் பார்த்தே அதைச் சொல்லிவிட முடியுமா என்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. மழையை நம்மால் மாற்ற முடியாது, கட்டடங்களை எங்கே எப்படி வைப்பது என்பதை மாற்றலாம். அதனால் எவ்வளவு தூரம் பலன் உண்டு என்பதுதான் அது. இருபது வருடங்களாகக் கணினியில் வெள்ள மாதிரிகளை ஓட்டுவதும், வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் நிற்கும் சேற்றுக் கோட்டை அளப்பதும்தான் என் வேலை. தண்ணீர் எப்படி ஓடும் என்பதைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். சேதத்தின் பண மதிப்பு என் துறை இல்லை, அந்த இடம் வரும்போது கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், கட்டமா சந்தா என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, தரையில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது, அந்தக் காலியிடம் மேட்டிலிருந்து பள்ளம் வரை அறுபடாமல் போகிறதா என்பது. எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 கன மீட்டர், அதாவது 10 லட்சம் லிட்டர் தண்ணீர். வடிகால் நிரம்பிவிட்டது, தண்ணீர் மண்ணுக்குள்ளும் இறங்கவில்லை, வீட்டுக்குள்ளும் புகவில்லை என்று வைத்துக்கொள்வோம். கட்டடங்கள் நிலத்தில் 30 சதவீதத்தை அடைத்திருந்தால், கூரைத் தண்ணீரும் சேர்ந்து மீதி 70 சதவீதத்தில் நிற்கும். ஆழம் சுமார் 14 சென்டிமீட்டர். கட்டடங்கள் 60 சதவீதத்தை அடைத்திருந்தால் அதே மழை 25 சென்டிமீட்டர் நிற்கும். தெருக்கள் நேரா கோணலா என்ற பேச்சே இதில் இல்லை. வாசற்படியைத் தாண்டுமா தாண்டாதா என்பதை இந்த 11 சென்டிமீட்டர் முடிவு செய்துவிடக்கூடும்.

அது தேங்கி நிற்கும் தண்ணீர். ஓடும் தண்ணீரில் விஷயம் இன்னும் சுவாரசியம். ராபர்ட் மேனிங் என்ற அயர்லாந்துப் பொறியாளர் 1889-இல் முன்வைத்த சூத்திரத்தைத்தான் இன்றைக்கும் நாங்கள் பயன்படுத்துகிறோம். சரிவும் தரையின் சொரசொரப்பும் மாறாவிட்டால், வேகம் ஆழத்தின் மூன்றில் இரண்டு அடுக்குக்கு ஏற்பக் கூடும் என்கிறது அது. இப்போது சரிவில் இறங்கி வரும் வெள்ளத்துக்குக் கிடைக்கும் மொத்த அகலத்தைப் பாதியாக்குங்கள்: கட்டடங்கள் நெருங்கி வந்துவிட்டன, அவ்வளவுதான். அதே அளவு தண்ணீர் பாதி அகலத்தில் போக வேண்டும். ஆழம் இரட்டிப்பாகும் என்று பலரும் நினைப்பார்கள். ஆகாது, சுமார் ஒன்றரை மடங்குதான் ஆகும், ஏனென்றால் ஆழம் கூடும்போது வேகமும் 1.3 மடங்கு கூடிவிடுகிறது. கேட்கக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். ஆனால் ஆழத்தையும் வேகத்தையும் பெருக்கினால் வரும் எண் சரியாக இரட்டிப்பாகிறது. மனிதர்களைச் சாய்ப்பது அந்தப் பெருக்கல் எண்தான்.

ஆஸ்திரேலியாவில் வெள்ள அபாயத்தை ஆறு வகுப்பாகப் பிரிக்கும் ஒரு முறை இருக்கிறது. எங்கள் துறையில் பலரும் அதைத்தான் எடுத்தாள்கிறார்கள். அதன்படி 30 சென்டிமீட்டர் ஆழத்தைத் தாண்டினாலே, அல்லது ஆழத்தை மீட்டரிலும் வேகத்தை வினாடிக்கு மீட்டரிலும் பெருக்கினால் 0.3-ஐத் தாண்டினாலே, சிறிய காருக்கு ஆபத்து. பெருக்கல் எண் 0.6-ஐத் தாண்டினால் பெரியவர்களுக்கும் அந்தத் தண்ணீரில் இறங்குவது பாதுகாப்பில்லை. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஆபத்து அதற்கு முன்பே தொடங்கிவிடும். முழங்கால் அளவுதானே என்று இறங்கியவர்கள் அடித்துச் செல்லப்படுவதற்குக் காரணம் இதுதான். முழங்கால் தண்ணீர் வினாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் வந்தால் கணக்கு 0.7-ஐத் தாண்டிவிடும்.

சரி, உங்கள் கட்டத்துக்கும் சந்துக்கும் வருவோம். பெல்ஜியத்தில் லூவன் கத்தோலிக்கப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு குட்டி நகரத்தைக் கட்டி அதன் மேல் வெள்ளத்தைத் திறந்துவிட்ட ஒரு பரிசோதனை 2008-இல் வெளியானது. 30 சென்டிமீட்டர் சதுரக் கட்டடங்கள், வரிசைக்கு ஐந்து வீதம் ஐந்து வரிசை, இடையில் 10 சென்டிமீட்டர் தெருக்கள். ஒருமுறை தெருக்களைத் தண்ணீர் வரும் திசைக்கு நேராக வைத்தார்கள், இன்னொரு முறை நகரத்தையே கொஞ்சம் திருப்பி வைத்தார்கள். இரண்டிலும் முதல் வரிசைக் கட்டடங்களில் மோதிய தண்ணீர் அவற்றுக்கு முன்னால் குவிந்து உயர்ந்தது. முன்வரிசை வீடு வாங்குகிற அடி வேறு, பின்வரிசை வீடு வாங்குவது வேறு. ஒரு நகரத்துக்கு ஒரே ஒரு வெள்ள ஆழம் என்று சொல்ல முடியாததற்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குத் தெரியாது.

நேர்த் தெருக்கள் சரிவின் திசையிலேயே ஓடினால், தண்ணீருக்கு அவை கட்டிவைத்த வாய்க்கால்கள். ஆழம் குறைவாகவும் வேகம் அதிகமாகவும் போகும். அதே கட்டத்தை 45 பாகை திருப்பினால், தெரு வழியே கிடைக்கும் சரிவு முன்பிருந்ததில் 70 சதவீதம்தான். அதே ஆழத்தில் வேகம் சுமார் 16 சதவீதம் குறையும், ஒவ்வொரு முனையிலும் மோதித் திரும்புவதில் இன்னும் கொஞ்சம் குறையும். வேகம் குறைந்தால் அதே தண்ணீர் போக ஆழம் கூடியே ஆக வேண்டும். வளைந்த சந்துகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன, இன்னும் தாராளமாக. ஆக, காலியிடம் சமமாக இருந்தால், சரிவோடு ஓடும் கட்டம் வேகத்தைக் கொடுக்கும், சந்து ஆழத்தைக் கொடுக்கும். சுவர், மரச்சாமான், மின்கம்பி இவையெல்லாம் ஆழத்துக்குப் பயப்படுபவை. நடந்து போகிறவரும், நிறுத்திவைத்த காரும், சாலையோர மண்ணும் வேகத்துக்குப் பயப்பட வேண்டும். எது மேல் என்று கேட்டால், எதைக் காப்பாற்ற நினைக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

இதைப் பொதுவிதியாகச் சொல்ல முயன்றவர்களும் உண்டு. பெல்ஜியத்திலேயே லியேஜ் பல்கலைக்கழகத்தினர் சுமார் 2,000 கற்பனை நகர அமைப்புகளைக் கணினியில் உருவாக்கி, தெரு நீளம், வளைவு, அகலம், கட்டடங்களுக்கு இடையே விடும் இடைவெளி என ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றி ஆற்று வெள்ளத்தை ஓடவிட்டார்கள். நிலத்தில் கட்டடம் அடைக்கும் பங்குக்குத்தான் அதிகச் செல்வாக்கு இருந்தது; தெரு வளைவுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தினர் 2024-இல் வெளியிட்ட ஆய்வு, அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தை இயற்பியலர்கள் அளக்கும் அதே முறையால் கட்டடங்களை அளந்தது. தரைச் சரிவு, காலியிட விகிதம், கட்டட வரிசையின் ஒழுங்கு, இந்த மூன்றையும் கொண்டே ஒரு குடியிருப்பின் சராசரி வெள்ள நிலையை மதிப்பிடலாம் என்கிறார்கள். தண்ணீர் எதிலும் முட்டாமல் சரிவில் எவ்வளவு தூரம் போக முடியும் என்ற அளவு அவர்கள் கணக்கில் முக்கியமாக வருகிறது. எனக்குப் பிடித்த அளவு அது, கையில் வரைபடமும் அளவுகோலும் இருந்தாலே ஓரளவு பார்த்துவிடலாம். ஆனால் கிடைப்பது சராசரிதான். உங்கள் வீட்டு வாசலில் எவ்வளவு நிற்கும் என்பதை அதிலிருந்து எடுக்க முடியாது.

ஏன் முடியாது என்பதற்கு என் அனுபவத்தில் ஒன்று. ஒரு குடியிருப்புப் பகுதிக்கு நான் ஓட்டிய மாதிரி, சுவர்களில் நாங்கள் அளந்த சேற்றுக் கோட்டைவிட அரை மீட்டர் குறைவாகவே காட்டியது. சொரசொரப்பை மாற்றிப் பார்த்தேன், மழைக் கணக்கைத் திருத்திப் பார்த்தேன், எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் நேரில் போய் நடந்தேன். படத்தில் காலி மைதானம் என்றிருந்த இடத்தின் ஒரு பக்கம் முழுக்க ஆளுயரக் காம்பவுண்டுச் சுவர் ஓடியது. மேலிருந்து எடுத்த படத்தில் அது ஒரு மெல்லிய கோடு, கட்டடமாகவே கணக்கில் வரவில்லை. தண்ணீருக்கு அது ஒரு அணை. சுவரைச் சேர்த்ததும் மாதிரி ஏறக்குறையச் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து நடந்து பார்க்காத ஊருக்கு நான் கணக்குக் கொடுப்பதில்லை என்று சொல்ல ஆசைதான். நேரமும் பணமும் அதற்கு எப்போதும் இடம் கொடுப்பதில்லை.

அந்தச் சுவரின் பெரிய அண்ணன்கள்தான் ரயில் மேடும், உயர்த்திப் போட்ட நெடுஞ்சாலையும். நூறு தெருக்களின் அமைப்பு செய்ய முடியாததை, சரிவுக்குக் குறுக்கே போகும் ஒரே ஒரு மண்மேடு செய்துவிடும். அதன் அடியில் தண்ணீர் போக விட்டிருக்கும் சிறுபாலத்தின் அகலம்தான் அந்தப் பக்கம் வசிப்பவர்களின் தலையெழுத்து. அந்தத் திறப்பும் வெள்ள நாளில் படத்தில் உள்ளபடி இருக்காது. 2004-இல் இங்கிலாந்தின் பாஸ்கேஸில் கிராமத்தில் அடித்து வரப்பட்ட மரங்களும் கார்களும் பாலத்தை அடைத்தன. 2021-இல் ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கிலும் பாலங்கள் குப்பையாலும் மரங்களாலும் அடைபட்டு, பின்னால் தண்ணீர் எகிறியது. அடைப்பு எங்கே, எப்போது, எவ்வளவு ஏற்படும் என்பதை முன்கூட்டிச் சொல்ல எங்களிடம் நல்ல வழி இல்லை. பாதி அடைபட்டால் என்ன, முழுதும் அடைபட்டால் என்ன என்று ஓட்டிப் பார்ப்போம். அதைக் கணிப்பு என்று சொன்னால் பொய்.

இதுவரை மேலிருந்து பார்க்கும் வடிவத்தைப் பற்றியே பேசினேன். பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் தெரியும் வடிவம், என் கணிப்பில், பணச் சேதத்துக்கு இதைவிட முக்கியம். தண்ணீர் வீட்டின் தரைக்கு ஒரு விரற்கடை கீழே நின்றால் சேதம் ஏறக்குறைய இல்லை. ஒரு விரற்கடை மேலே ஏறினால் தரை, கதவு, அலமாரி, மெத்தை எல்லாம் போயிற்று. அதற்குப் பிறகு அரை மீட்டர் ஏறினாலும் சேதம் அதே விகிதத்தில் கூடுவதில்லை. எனவே வீட்டின் பேஸ்மட்டம் தெருவைவிட எவ்வளவு உயரம் என்பதுதான் நகரம் முழுக்க இலவசமாகக் கிடைக்கும் வெள்ளக் காப்பு. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே மறுபடி மறுபடி சாலை போட்டு அந்தக் காப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிறார்கள். வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது, தெரு மேலே வந்துவிடுகிறது.

சாலையின் குறுக்கு வடிவமும் கவனிக்க வேண்டியது. வழக்கமான சாலை நடுவில் உயர்ந்து ஓரங்களில் தாழ்ந்திருக்கும். சாதாரண மழைக்கு அது சரி, பெருமழையில் தண்ணீரை வீடுகளின் பக்கமே தள்ளுகிறது. கோபன்ஹேகனில் 2011 ஜூலை 2 அன்று சில மணி நேரத்தில் 100 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அதன் பிறகு 2012-இல் அந்நகரம் வகுத்த மேகவெடிப்புத் திட்டத்தில், குறிப்பிட்ட சில தெருக்களை நடுவில் தாழ்த்தி, பெருமழை நாளில் அவையே தண்ணீரைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகும்படி செய்வதும் ஒன்று. எந்தத் தெரு நனையலாம், எது நனையக் கூடாது என்று முன்பே முடிவு செய்துகொள்வது இது. கட்ட அமைப்பு உள்ள நகரத்தில் இதைச் செய்வது சுலபம், ஏனென்றால் ஒரு நேர்த் தெருவைத் தண்ணீருக்கு ஒதுக்கினாலும் போக்குவரத்துக்கு அடுத்த தெரு இருக்கும். சந்துகளின் நகரத்தில் அப்படி விட்டுக்கொடுக்க உபரி தெரு பெரும்பாலும் இருக்காது. கட்டத்துக்கு ஆதரவாக நான் ஒப்புக்கொள்ளும் வலுவான வாதம் இதுதான்.

தரைக்குக் கீழே போகும் வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சீனாவின் செங்சௌ நகரில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் மழை. சுரங்க ரயிலின் ஐந்தாம் தடத்தில் தண்ணீர் புகுந்து 14 பயணிகள் இறந்தார்கள். தண்ணீர் எப்போதும் மிகத் தாழ்ந்த திறப்பைத் தேடும். நிலத்தடி வாகன நிறுத்தம், சுரங்கப் பாதை, கீழ்த்தளத்தில் வைத்த மின் பலகை எல்லாம் நாமே வெட்டிக்கொடுத்த பள்ளங்கள்.

நகரம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரைப் பாதுகாக்க 1940-களில் ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு தடுப்பு நீர்த்தேக்கங்கள் கட்டினார்கள். வறண்ட நாளில் அவை வெறும் நிலம். வெள்ளத்தில் மட்டும் நிரம்பும். காலப்போக்கில் அந்த நிரம்பும் எல்லைக்குள்ளேயே குடியிருப்புகள் எழும்பின. 2017-இல் ஹார்வி புயலின்போது அவற்றில் ஆயிரக்கணக்கான வீடுகள் மூழ்கின. அங்கே தெருக்களைக் கட்டமாகப் போட்டிருந்தாலும் மூழ்கியிருக்கும், வளைத்துப் போட்டிருந்தாலும் மூழ்கியிருக்கும். வெள்ளத் தடுப்புக் கரையை நம்பி அதன் பின்னால் மேலும் மேலும் கட்டுவதைப் பற்றி கில்பர்ட் ஒயிட் என்ற புவியியலாளர் 1940-களிலேயே எச்சரித்திருக்கிறார்.

நகர வடிவம் மழையைக் கூட்டாது என்று நான் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஹார்வியைப் பற்றி 2018-இல் வந்த ஓர் ஆய்வு அதில் கொஞ்சம் ஓட்டை போட்டது. ஹூஸ்டனின் கட்டடத் திரள் காற்றை உரசி மெதுவாக்கி மேலெழும்ப வைத்ததால் மழையே கூடியது என்றும், நகரமயமாதலால் அந்த அளவு வெள்ளத்துக்கான வாய்ப்பு சராசரியாக 21 மடங்கு உயர்ந்தது என்றும் அது கணித்தது. கான்கிரீட்டால் வழிந்தோடும் தண்ணீர் கூடும் என்ற பாதியை நான் முழுதாக ஏற்கிறேன். மழை கூடியது என்ற மற்ற பாதி ஒரு புயலை, ஒரு நகரத்தை வைத்து மாதிரியில் கண்டது. எல்லா நகரத்துக்கும் அதை நீட்ட நான் தயங்குவேன்.

தயக்கமான இடங்கள் இன்னும் இரண்டு உண்டு. வேகம் கூடினால் பணச் சேதமும் கூடுமா என்பது அதில் ஒன்று. எல்பா ஆற்றின் 2002 வெள்ளத் தரவுகளை வைத்து ஜெர்மானிய ஆய்வாளர்கள் பார்த்தபோது, சாலைகளின் கட்டமைப்பை வேகம் கெடுத்தது தெளிவாகத் தெரிந்தது. வீடுகளின் பண இழப்பில் அதன் பங்கு சிறியதாகவே இருந்தது. மலையடிவார ஊர்களில் இது அப்படியே பொருந்தும் என்று நான் நம்பவில்லை, அங்கே வேகமே வீட்டைப் பெயர்க்கும். மற்றது, நெருக்கமான நகரமா பரந்த நகரமா என்ற பழைய சண்டை. நெருக்கமாகக் கட்டினால் ஒரு வீட்டுக்கு ஆகும் கான்கிரீட் பரப்பு குறைவு, அதனால் மொத்தத்தில் வழிந்தோடும் தண்ணீரும் குறைவு. ஆனால் நான் மேலே போட்ட கணக்குப்படி, அந்த நெருக்கத்துக்குள் நிற்கும் தண்ணீரின் ஆழம் அதிகம். நெருக்கமாகக் கட்டி மிச்சப்படுத்திய நிலத்தை உண்மையிலேயே காலியாக, அதுவும் பள்ளத்தில் விட்டால்தான் அந்த வாதம் நிற்கும். விட்டார்களா என்பதை ஊருக்கு ஊர் போய்த்தான் பார்க்க வேண்டும்.

தெருப் படத்தைப் பார்த்தே சொல்லிவிட முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு, தெருப் படம் மட்டும் போதாது என்பதுதான் என் பதில். அதோடு தரை உயரப் படமும் கிடைத்தால் முதலில் தெருப் பெயர்களையெல்லாம் அழித்துவிட்டு, மழைத்துளி ஒன்று மேட்டில் விழுந்து எங்கெல்லாம் போகும் என்று பென்சிலால் இழுத்துப் பாருங்கள். கோடு எந்த இடத்தில் கட்டடத்திலோ சுவரிலோ ரயில் மேட்டிலோ முட்டுகிறதோ அங்கே வட்டமிடுங்கள். அப்புறம் அந்த வட்டங்களுக்கு நேரில் போய், பக்கத்து வீட்டு வாசற்படி தெருவைவிட எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்று அளந்துகொண்டு வாருங்கள். அந்த எண்கள் கைக்கு வந்த பிறகு இரண்டு நகரங்களில் எது முதலில் நனையும் என்று நானும் ஒரு யூகம் சொல்கிறேன்.